ஒளியிழையில் ஒளியை ஏற்றுவதும் இறக்குவதும்

உங்கள் வீட்டு இணையப் பெட்டியின் பின்புறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கு வந்து நுழையும் மெல்லிய வடத்தின் நடுவே, தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு கண்ணாடி இழை இருக்கிறது. நீங்கள் பார்க்கும் காணொளியும், அனுப்பும் வீட்டுப்பாடமும் ஒளியாக மாறி அந்த இழையில்தான் ஓடுகின்றன. அதுவே ஒளியிழை. மலாய்மொழிப் பாடநூலில் அதன் பெயர் கெந்தியான் ஓப்டிக்.

டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய நான்கு வட்டாரங்களுக்கு முதலில் இணைப்பு கிடைத்தது. நான்குமே கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளவை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி இழை போடுவதில்லை. ஒரே இழையில் வரும் ஒளியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. தண்ணீர்க் குழாய் என்றால் நடுவில் வெட்டி ஒரு கிளைக்குழாய் பொருத்தலாம். செம்புக் கம்பி என்றால் இன்னொரு கம்பியை முறுக்கி இணைக்கலாம். ஒளியிழையோ, ஒளி பக்கவாட்டில் வெளியேறவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்யப்பட்டது. அதிலிருந்து ஒரு பங்கு ஒளியை மட்டும் எடுப்பது எப்படி? புதிதாக ஒளியை உள்ளே சேர்ப்பது எப்படி? இந்த வாரப் பாடம் இதுதான்.

ஒளி ஏன் வெளியே வருவதில்லை?

படிவம் 4 இயற்பியலில் முழு அக எதிரொளிப்பு பற்றிப் படிக்கிறீர்கள். பாடநூலில் அது பந்துலான் டாலாம் பெனுஹ். அடர்த்தி மிகுந்த ஊடகத்திலிருந்து அடர்த்தி குறைந்த ஊடகத்துக்குச் செல்லும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைவிடப் பெரிய கோணத்தில் எல்லையில் பட்டால், வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும்.

ஒளியிழையில் இரண்டு கண்ணாடி அடுக்குகள் உள்ளன. நடுவில் உள்ளகம், அதைச் சுற்றி உறை. நெடுந்தொலைவுக்குப் பயன்படும் இழையில் உள்ளகத்தின் விட்டம் சுமார் 9 மைக்ரோமீட்டர். உறையோடு சேர்த்து 125 மைக்ரோமீட்டர். இரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கும் மிகச் சிறிய வேறுபாடே உண்டு. எடுத்துக்காட்டாக உள்ளகம் 1.468, உறை 1.462 என்று வைத்துக்கொள்வோம்.

மாறுநிலைக் கோணத்தின் சைன் = 1.462 ÷ 1.468 = 0.9959. எனவே மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 84.8 பாகை. அதாவது, இழையின் நீள அச்சிலிருந்து 5.2 பாகைக்குள் சாய்ந்து செல்லும் ஒளி மட்டுமே உள்ளகத்தில் தங்கும். அதைவிடச் சாய்ந்தால் உறைக்குள் சென்று வீணாகிவிடும். இந்த 5.2 பாகையை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

செய்து பாருங்கள்: விரலில் ஏறும் ஒளி

ஒளி வளைந்த பாதையில் செல்வதை ஜெனீவாவில் டேனியல் கொலாடன் 1841-இல் நீர்த்தாரையைக் கொண்டு காட்டினார். லண்டனில் ஜான் டிண்டால் 1854-இல் இதே சோதனையைச் செய்தார். நீங்களும் செய்யலாம்.

ஒரு தெளிந்த பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் அளவில் துளையிடுங்கள். நீர் நிரப்பி, அறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கைவிளக்கை வைத்துத் துளையை நோக்கி ஒளியைப் பாய்ச்சுங்கள். துளையிலிருந்து வளைந்து விழும் நீரோடு ஒளியும் வளைந்து செல்லும். இப்போது நீர்த்தாரையின் நடுவே விரலை வையுங்கள். விரல் பட்ட இடம் ஒளிரும்.

விரல் வைக்கும் முன் நீரின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. ஒளி உள்ளேயே எதிரொளித்துச் சென்றது. விரல் அந்த எல்லையைக் குலைத்தது. ஒளி வெளியே வந்தது. ஒளியைப் பக்கவாட்டில் எடுக்கும் எல்லா முறைகளுக்கும் இதுவே அடிப்படை: எல்லையைச் சற்றுக் குலைக்க வேண்டும். எவ்வளவு குலைப்பது என்பதில்தான் பொறியியல் இருக்கிறது.

முனை வழியாக ஏற்றுதல்

ஒளியை உள்ளே ஏற்ற மிக நேரான வழி, இழையின் முனைதான். லேசர் ஒளியை ஒரு சிறு வில்லையால் குவித்து, 9 மைக்ரோமீட்டர் உள்ளகத்தின் மீது விழச் செய்கிறார்கள். ஆனால் எந்தக் கோணத்தில் வந்தாலும் இழை ஏற்றுக்கொள்ளாது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளி விலகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், மேலே சொன்ன இழைக்கு வெளியிலிருந்து சுமார் 7.6 பாகைக்குள் வரும் ஒளியே பயன்படும். முனைக்கு முன்னால் ஒரு குறுகிய கூம்பைக் கற்பனை செய்யுங்கள். அந்தக் கூம்புக்குள் வரும் ஒளிக்கு மட்டுமே அனுமதி.

இரண்டு இழைகளை இணைக்கும்போதும் இதே கண்டிப்பு. உள்ளகங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். ஓரிரு மைக்ரோமீட்டர் விலகினாலும் இழப்பு கூடும். அதனால் நிரந்தர இணைப்புக்கு இழைகளின் முனைகளைச் சேர்த்து வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஒரு தலைமுடித் துணுக்கு முனையில் ஒட்டினால் போதும், உள்ளகம் முழுவதும் மறைந்துவிடும். தொழில்நுட்பர்கள் முனையைத் துடைக்காமல் செருகுவதில்லை.

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் பச்சை நிறச் செருகியைக் காணலாம். அதன் முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். ஏன்? முனையில் பட்டு ஒரு சிறு பங்கு ஒளி எதிரொளிக்கும். முனை நேராக இருந்தால் அந்த ஒளி வந்த வழியே திரும்பி லேசரின் வேலையைக் குலைக்கும். முனை 8 பாகை சாய்ந்திருந்தால், எதிரொளித்த ஒளி 16 பாகை விலகித் திரும்பும். உள்ளகமோ 5.2 பாகைக்கு மேல் ஏற்காது. தேவையில்லாத ஒளி உறைக்குள் சென்று மறைந்துவிடும்.

பக்கவாட்டில் எடுத்தல்: குவளையும் கைரேகையும்

இழையை வெட்டாமல் பக்கவாட்டில் ஒளியை எடுப்பதற்கு முன் இன்னொரு எளிய சோதனை. ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நீரின் வழியாகக் குவளையின் பக்கச்சுவரைச் சாய்வாகப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும். வெளியே இருக்கும் விரல்கள் தெரியாது. முழு அக எதிரொளிப்பின் விளைவு அது. இப்போது விரல்களைச் சற்று ஈரமாக்கி, குவளையை இறுக்கிப் பிடியுங்கள். உங்கள் கைரேகையின் மேடுகள் தெளிவாகத் தெரியும். பள்ளங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளி அப்படியே இருக்கும்.

முழு அக எதிரொளிப்பு நடக்கும்போதும் ஒளியலை எல்லையில் வெட்டியதுபோல் நின்றுவிடுவதில்லை. எல்லைக்கு அப்பால் மிகச் சிறிய தொலைவுவரை, ஏறத்தாழ ஓர் அலைநீள அளவுக்கு, மங்கிக்கொண்டே நீள்கிறது. அந்தத் தொலைவுக்குள் வேறொரு பொருள் நெருங்கி வந்தால் ஒளி அதற்குள் தாவிவிடும். ரேகையின் மேடு நெருங்கி வந்தது, பள்ளம் நெருங்கவில்லை.

ஒளியிழையிலும் இதுவே நடக்கிறது. இரண்டு இழைகளின் பிளாஸ்டிக் பூச்சை நீக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துச் சுடரில் சூடேற்றி, மெதுவாக இழுக்கிறார்கள். இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டு மெலிகின்றன. மெலிந்த உள்ளகத்தால் ஒளியை முழுவதும் பிடித்து வைக்க முடியாது. ஒளியலை வெளியே அகன்று பரவி அடுத்த இழைக்குத் தாவுகிறது. இந்தக் கருவிக்கு இணைப்பி என்று பெயர். தொழில்நுட்பர்கள் கப்ளர் என்பார்கள்.

எவ்வளவு ஒளி தாவும்? ஒரே கயிற்றில் இரண்டு ஊசல்களைத் தொங்கவிட்டு ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் ஆட்டம் முழுவதும் இரண்டாவது ஊசலுக்குச் சென்றுவிடும். பிறகு முதலாவதற்கே திரும்பும். ஒளியும் இரண்டு இழைகளுக்கிடையே இப்படியே போய்வரும். இணைப்பியைச் செய்யும்போது மறுமுனையில் இரண்டு இழைகளிலும் வரும் ஒளியை அளந்துகொண்டே இழுக்கிறார்கள். பாதிக்குப் பாதி வந்ததும் நிறுத்தினால் 50:50 இணைப்பி. முன்னதாகவே நிறுத்தினால் 90:10 அல்லது 99:1. ஒரு விழுக்காடு ஒளியை மட்டும் எடுத்து, இழை சரியாக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும் கருவிகள் இந்த 99:1 வகையைப் பயன்படுத்துகின்றன.

ஓர் இழை, 32 வீடுகள்

ஒளியை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்தால், அதை மறுபடி மறுபடி பிரிக்கலாம். 2, 4, 8, 16, 32. ஐந்து அடுக்கில் ஓர் இழை 32 ஆகிவிடும். இவ்வளவு கிளைகள் வேண்டும்போது, ஒரு சிறு கண்ணாடித் தகட்டிலேயே ஒளி செல்லும் பாதைகளைக் கிளைவிட்டு அமைத்துவிடுகிறார்கள். இதுதான் பிரிப்பான். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. சாலையோரப் பெட்டிக்குள் வெயிலிலும் மழையிலும் அமைதியாக வேலை செய்யும்.

பரவலாகப் பயன்படும் ஜிபொன் முறையில், நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து செல்லும் ஒளி 1310 நானோமீட்டர். இரண்டும் ஒரே இழையில் எதிரெதிராகச் செல்கின்றன. வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு வடிகட்டி அலைநீளத்தைப் பார்த்து, வருவதையும் போவதையும் பிரித்துவிடும்.

வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்லும் ஒளிக்கு இழப்பு இருக்காது, 32 கிளைகளும் ஒன்றாகச் சேரத்தானே போகின்றன என்று தோன்றலாம். அது சரியன்று. ஒவ்வொரு அடுக்கிலும் பாதி ஒளி நமக்கு வேண்டாத திசையில் வெளியேறிவிடுகிறது. ஆகவே திரும்பும் வழியிலும் 32-இல் ஒரு பங்கே நிலையத்தை அடையும்.

32 வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளியை அனுப்பினால் செய்திகள் மோதிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் நிலையம் ஒரு நேரத்துண்டை ஒதுக்குகிறது. இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. ஒவ்வொரு வீட்டின் தொலைவையும் அளந்து, இந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தே நேரம் ஒதுக்கப்படுகிறது.

கணக்கு: வீட்டுக்கு எவ்வளவு ஒளி மிஞ்சும்?

ஒளியிழப்பை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள். இரண்டு விதிகள் போதும். 3 டெசிபல் இழந்தால் பாதி மிஞ்சும். 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். இழப்புகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

நிலையத்தில் 2 மில்லிவாட் ஒளி புறப்படுகிறது என்போம்.

10 கிலோமீட்டர் இழை, கிலோமீட்டருக்கு 0.3 வீதம்: 3 டெசிபல்
32 வழிப் பிரிப்பான்: 17 டெசிபல் (பகிர்வுக்கு 15, குறைபாடுகளுக்கு 2)
ஒட்டுகளும் செருகிகளும்: 2 டெசிபல்
மொத்தம்: 22 டெசிபல்

வீட்டை அடைவது ஏறத்தாழ 0.0126 மில்லிவாட், அதாவது 12.6 மைக்ரோவாட். வீட்டுப் பெட்டி 2 மைக்ரோவாட் ஒளிவரை படிக்கவல்லது என்றால், இணைப்பு நன்றாக இயங்கும்.

இப்போது அலமாரியைத் தள்ளும்போது வடம் அதன் பின்னால் மடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வளைவில் ஒளி எல்லையில் படும் கோணம் மாறுகிறது. ஒரு பங்கு மாறுநிலைக் கோணத்துக்குக் கீழே வந்து கசிந்துவிடுகிறது. அந்த ஒரு மடிப்பால் மேலும் 10 டெசிபல் போனால், மிஞ்சுவது 1.26 மைக்ரோவாட். பெட்டியால் படிக்க முடியாது. எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரியும், இணையம் நின்றுவிடும். தொலைவோ, 32 பங்காகப் பிரித்ததோ அதை நிறுத்தவில்லை. யாரும் திட்டமிடாத ஒரு சிறு கசிவு நிறுத்திவிட்டது.

நிறம் பார்த்து இறக்குதல்

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கொமுட்டர் ரயிலை நினைத்துப் பாருங்கள். சுபாங் ஜெயாவில் சிலர் இறங்குகிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். மற்றவர்கள் தொடர்ந்து செல்கிறார்கள். நகரங்களுக்கிடையே ஓடும் ஒளியிழைகளிலும் இப்படியே நடக்கிறது. ஒரே இழையில் பல அலைநீளங்கள் சேர்ந்து செல்கின்றன. வழியில் ஒன்றை மட்டும் இறக்கி, அதே இடத்தில் புதிய செய்தியை ஏற்ற முடியும்.

இதற்கு உதவும் ஒரு கருவிக்கு 1978-இல் கனடாவில் அடித்தளம் கிடைத்தது. ஒளிக்கற்றையால் இழையின் உள்ளகத்திலேயே ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் மாற்றி அமைக்கலாம் என்று கென்னத் ஹில் குழுவினர் கண்டறிந்தனர். அந்த வரிவரியான அமைப்பு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றவற்றை விட்டுவிடும். திரும்பிவரும் அந்த ஒன்றைத் தனியே இறக்கிக்கொள்ளலாம்.

ஊசல் எடுத்துக்காட்டில் ஒன்றைச் சொல்லவில்லை. ஒளி ஓர் இழையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வேகம் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். எனவே 1550 நானோமீட்டர் ஒளி ஓர் இழையிலும் 980 நானோமீட்டர் ஒளி மற்றதிலும் வருமாறு இணைப்பியைச் செய்யலாம். இதையே திருப்பிப் பயன்படுத்தினால், இரண்டையும் ஓர் இழைக்குள் ஏற்றலாம். எர்பியம் கலந்த இழையில் 980 நானோமீட்டர் ஒளியை ஏற்றினால், அது 1550 நானோமீட்டர் செய்தி ஒளிக்கு வலுவூட்டும். தளர்ந்த ஒளியை மின்சாரமாக மாற்றாமலே பெருக்கும் வழி இது.

இத்துறை நமக்குத் தொலைவில் இல்லை. பங்சாருக்கு அருகே, லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒளியணுவியல் ஆய்வு மையத்தில் பேராசிரியர் ஹரித் அகமதுவும் அவருடைய குழுவினரும் இழைப் பெருக்கிகளையும் இழை லேசர்களையும் ஆராய்ந்து வருகிறார்கள். இழை லேசரில் ஒளி ஒரு வளையத்தைச் சுற்றி வரும். ஓர் இணைப்பி சிறு பங்கை வெளியே தரும். மீதி மறுபடி சுற்றும்.

அனுமதியில்லாத கசிவு

நிலத்தடிப் பெட்டியில் பல இழைகள் கட்டாக இருக்கும். எது செயல்பாட்டில் இருக்கிறது என்று தெரியாமல் வெட்டிவிட்டால் பல வீடுகளின் இணைப்பு போய்விடும். எனவே தொழில்நுட்பர் இடுக்கி போன்ற ஒரு கருவியால் இழையை இலேசாக வளைக்கிறார். கசியும் துளி ஒளியைக் கருவி உணர்ந்து, இழையில் செய்தி ஓடுகிறது என்று சொல்லிவிடும். சில இழை ஒட்டும் பொறிகள் ஒருபக்க வளைவின் வழியே ஒளியை ஏற்றி, மறுபக்க வளைவில் இறக்கி, ஒட்டு சரியாக விழுந்ததா என்று பார்க்கின்றன.

இதே வழியில் ஒருவர் திருட்டுத்தனமாகச் செய்தியை ஒட்டுக்கேட்கவும் முடியும். ஒளியிழையை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்ற பேச்சு உண்மையன்று. எடுத்தவருக்கு ஒளி கிடைத்தாலும் பொருள் புரியாதபடி செய்வதே தீர்வு. பிரிப்பான் நிலையத்தின் ஒளியை 32 வீடுகளுக்கும் ஒன்றாகவே அனுப்புகிறது. உங்களுக்கு வரும் செய்தி பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் போகிறது. அதனால் ஒவ்வொரு வீட்டின் செய்தியையும் 128 பிட் திறவுகோலால் பூட்டி அனுப்பும் ஏற்பாடு ஜிபொன் முறையில் உண்டு. ஒளி பொதுவானது, திறவுகோல் தனியானது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சாதாரண ஒளியிழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீடுகளுக்கென வந்துள்ள புதிய வகைகள் 1 சென்டிமீட்டர் ஆரம்வரை தாங்கும். எந்த வகை என்று தெரியாவிட்டால், ஒரு கோப்பையின் வாயளவு வட்டமாகச் சுற்றி வைப்பதே நல்லது.

கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். 1490, 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று பொருளில்லை. உடைந்த இழைத் துணுக்கு தோலில் குத்தினால் எடுப்பதும் கடினம்.

1966-இல் சார்ல்ஸ் காவோ, ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்சும் கண்ணாடி கிடைத்தால் தொலைத்தொடர்புக்குப் போதும் என்று எழுதினார். இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி மிஞ்சுகிறது. இந்தப் பணிக்காக அவருக்கு 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஒளியைத் தப்பவிடாமல் காக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான், அதை அளந்து பகிரவும் முடிந்தது.

விடை காணுங்கள்

1. ஓர் இழையை 64 வீடுகளுக்குப் பிரிக்க எத்தனை அடுக்குகள் வேண்டும்? பகிர்வால் மட்டும் எத்தனை டெசிபல் இழப்பு?

2. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு 30 கிலோமீட்டர் இழை போடப்பட்டால், கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பில் எவ்வளவு ஒளி மிஞ்சும்?

3. பழுதைத் தேட நிலையத்திலிருந்து ஓர் ஒளித்துடிப்பு அனுப்பப்படுகிறது. இழை அறுந்த இடத்தில் எதிரொளித்து 40 மைக்ரோநொடியில் அது திரும்புகிறது. அறுந்த இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது?

விடைகள்: 1) 6 அடுக்குகள், 18 டெசிபல். 2) 6 டெசிபல் இழப்பு, நான்கில் ஒரு பங்கு. 3) போகவர மொத்தம் 8 கிலோமீட்டர், எனவே 4 கிலோமீட்டர்.